விதையும் நிலமும்: குடற்புற்றுநோயின் போக்கை முடிவு செய்யும் சுற்றுத் திசு

(திருவிழாவையொட்டி ஆலய மண்டபத்தில் நடைபெற்ற மருத்துவ விளக்கக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



சந்நிதிக்கு அருகே நின்று குடலைப் பற்றியும் மலத்தைப் பற்றியும் பேசுவது தகுமா என்று சிலர் எண்ணக்கூடும். நானும் அவ்வாறே தயங்கினேன். ஆனால் உடம்பையே ஆலயமாகக் கருதிய மரபு நம்முடையது. கோபுரத்தில் ஒரு செடி முளைத்து வேர்விட்டால், பார்ப்பதற்கு நன்றாக இல்லை என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறோமா? ஏணி வைத்து ஏறி, வேரோடு களைகிறோம். உடம்பாகிய ஆலயத்துக்கும் அதுவே முறை.

இவ்வுரையை என் தாய்மாமனை நினைத்துத் தொடங்குகிறேன். அவர் பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். ஆண்டுதோறும் திருவிழாவில் காவடி எடுப்பவர். 1984ஆம் ஆண்டில் அவருக்கு மலத்தோடு இரத்தம் போகத் தொடங்கியது. மூலம் என்று தாமாகவே முடிவு செய்துகொண்டார். உடற்சூடு என்று மோர் குடித்தார், கருணைக்கிழங்கு உண்டார். சொல்வதற்குக் கூச்சப்பட்டு, மனைவியிடமும் மறைத்தார். அப்பொழுது நான் மருத்துவ மாணவன். விடுமுறைக்கு ஊர் செல்லும் போதெல்லாம், "உடம்பு எப்படி இருக்கிறது மாமா?" என்று கேட்பேன். "எனக்கென்ன மாப்பிள்ளை, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்பார். பதினான்கு மாதங்கள் கழித்து அவரை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது, புற்றுக்கட்டி மலக்குடலின் சுவரைக் கடந்து, சுற்றியிருந்த கொழுப்பில் ஊடுருவி, இடுப்பெலும்பை ஒட்டிப் படர்ந்திருந்தது. மறு ஆண்டுத் திருவிழாவை அவர் காணவில்லை.

பின்னாளில் நான் நோய்க்கூறியல் மருத்துவனானேன். அறுவை மருத்துவர் அகற்றி அனுப்பும் திசுவை மெல்லிய சீவல்களாக்கி, சாயமேற்றி, நுண்ணோக்கியின் வழியே பார்த்து அறிக்கை எழுதுவது என் பணி. அப்பணியில் நான் கற்ற மிகப் பெரிய பாடம் ஒன்று உண்டு. நோயாளி பிழைப்பாரா என்னும் வினாவுக்குரிய விடை கட்டியில் மட்டும் இல்லை. கட்டியைச் சூழ்ந்திருக்கும் திசுவிலும் உள்ளது என்பதே அப்பாடம். இன்று நான் விளக்க விரும்புவதும் அதுவே.

இக்கருத்து புதியதன்று. 1889ஆம் ஆண்டில் இலண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜெட், மார்புப் புற்றுநோயால் மாண்ட 735 பெண்களின் பிணப்பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்தார். புற்றுநோய் உடலெங்கும் ஒரே சீராகப் பரவவில்லை என்பதையும், சில உறுப்புகளில் மிகுதியாகவும் சிலவற்றில் அரிதாகவும் வேர்கொள்கிறது என்பதையும் அவர் கண்டார். விதை எங்கும் விழலாம். ஏற்ற நிலத்தில்தான் முளைக்கும் என்பது அவர் கூறிய கருத்தின் சாரம். பின்வந்த மருத்துவர்கள் நெடுங்காலம் விதையையே ஆராய்ந்தார்கள். நிலத்தின்பால் அறிவியலின் கவனம் முழுமையாகத் திரும்பியது அண்மைப் பத்தாண்டுகளில்தான்.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. பால்மரத்தின் வேரைத் தாக்கும் வெள்ளை வேர் நோயை நீங்கள் அறிவீர்கள். பழைய மரத்தின் அடிக்கட்டையில் தங்கியிருக்கும் பூஞ்சணம், மண்ணுக்குள் வேரோடு வேர் தொடும் இடத்தில் அடுத்த மரத்துக்குத் தாவும். ஆகவேதான் நோயுற்ற மரத்தை வெட்டிச் சாய்ப்பதோடு நில்லாமல், சுற்றிலும் அகழி தோண்டி, வேர்த்துண்டுகளையும் பொறுக்கியெடுப்பார்கள். மரத்தை மட்டும் பார்த்தவன் தோற்பான்; மரம் நிற்கும் மண்ணையும் பார்த்தவன் வெல்வான்.

இனிக் குடலுக்கு வருவோம். பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள குழாய். அதன் இறுதிப் பகுதியே மலக்குடல். குழாயின் சுவர் சில மில்லிமீட்டர் தடிப்பே உடையது. எனினும் அதற்குள் அடுக்குகள் உண்டு. உள்ளே சளிப்படலம், அதன் கீழ் இரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் ஓடும் மென்மையான அடுக்கு, அதற்கு வெளியே தசை அடுக்கு, அதற்கும் வெளியே கொழுப்பும் நிணநீர் முடிச்சுகளும். பால் வெட்டும் கத்தி பட்டையோடு நிற்க வேண்டும், மரத்தைத் தொடக்கூடாது என்று தோட்டத்தில் சொல்வார்கள். குடலிலும் ஆழமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

பெரும்பாலான குடற்புற்றுநோய்கள் 'பாலிப்' எனப்படும் சிறு மொட்டாகச் சளிப்படலத்தில் தோன்றுகின்றன. மொட்டு புற்றாக மாறுவதற்குப் பொதுவாகப் பத்தாண்டு அளவுக்குக் காலம் பிடிக்கும். எல்லா மொட்டுகளும் புற்றாவதுமில்லை. சளிப்படலத்தளவில் நிற்கும் வரை அதனைக் குடல்நோக்குக் கருவியின் வழியாகவே அகற்றிவிடலாம். வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. ஆழ்ந்த அடுக்குகளுக்குள் நுழைந்துவிட்டால், அங்கே ஓடும் நிணநீர்க் குழாய்களும் இரத்தக் குழாய்களும் அதற்குப் பாதையாகிவிடுகின்றன. குடலின் இரத்தம் பெரும்பாலும் முதலில் கல்லீரலுக்கே செல்கிறது. ஆகவேதான் குடற்புற்று பரவும்போது கல்லீரலில் முதலில் தென்படுவது வழக்கம்.

இதனை முறைப்படுத்தியவர் இலண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் நோய்க்கூறியல் அறிஞர் கத்பர்ட் டியூக்ஸ். 1932ஆம் ஆண்டில் மலக்குடற்புற்றை அவர் மூன்று நிலைகளாக வகுத்தார். குடற்சுவருக்குள் நிற்பது முதல் நிலை. சுவரைக் கடந்து சுற்றுத் திசுவை அடைந்தது இரண்டாம் நிலை. நிணநீர் முடிச்சுகளை அடைந்தது மூன்றாம் நிலை. அவர் கட்டியின் பருமனை அளவுகோலாகக் கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். சுற்றியுள்ள திசுவில் அது எவ்வளவு தூரம் புகுந்தது என்பதையே அளந்தார். இன்று உலகெங்கும் வழங்கும் நிலைப்பகுப்பும் அதே அடிப்படையில் வளர்ந்ததுதான்.

அண்மைக்கால அமெரிக்கப் புள்ளிவிவரங்கள் இதன் பொருளைத் தெளிவாகக் காட்டுகின்றன. நோய் குடலளவில் நிற்கும்போது கண்டறியப்பட்டவர்களில் 100க்கு ஏறத்தாழ 90 பேர் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர். சுற்றுத் திசுவையோ அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகளையோ அடைந்துவிட்டால் அது 70க்குச் சற்று மேல். தொலை உறுப்புகளுக்குப் பரவிய பின்னர் 15 அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

சுற்றுத் திசுவின் முதன்மையை அறுவை மருத்துவர்களும் உணர்ந்தனர். மலக்குடலைச் சுற்றி ஒரு கொழுப்புறை உண்டு. நிணநீர் முடிச்சுகள் அதற்குள்தான் இருக்கின்றன. முற்காலத்தில் அறுவை செய்தவர்கள் இவ்வுறைக்குள் கையைச் செலுத்திக் குடலைப் பிரித்தெடுப்பதுண்டு. அவ்வாறு செய்யும்போது உறையின் துணுக்குகள் இடுப்புக்குள் எஞ்சி நின்றன. பல மருத்துவமனைகளில் 100க்கு 20, 30 பேருக்கு அதே இடத்தில் புற்று மீண்டும் தோன்றியது. இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் நகரைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஹீல்ட் 1982ஆம் ஆண்டில் இதற்கான காரணத்தை எடுத்துக்காட்டினார். கட்டிக்குக் கீழே சில சென்டிமீட்டர் தொலைவிலும், வெறுங்கண்ணுக்குத் தெரியாத புற்றுத் துகள்கள் அக்கொழுப்புறையில் ஒளிந்திருந்தன. ஆகவே உறை கிழியாமல், முழுப் பொட்டலமாக அகற்ற வேண்டும் என்றார் அவர். அம்முறையில் பயிற்சி பெற்றவர்களிடம் மீண்டும் தோன்றும் விகிதம் 10 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. மருந்து எதுவும் மாறவில்லை; சுற்றியுள்ள மண்ணோடு சேர்த்து எடுத்தார்கள், அவ்வளவே.

1986ஆம் ஆண்டில் லீட்ஸ் நகரத்து நோய்க்கூறியல் அறிஞர் ஃபிலிப் குவர்க் குழுவினர், அகற்றப்பட்ட 52 மலக்குடல்களை ரொட்டியை அறுப்பது போல் குறுக்காக அறுத்துப் பார்த்தார்கள். 14 பேரிடம் புற்று பக்கவாட்டு விளிம்பைத் தொட்டிருந்தது. அப்பதினால்வரில் பெரும்பாலோருக்கே நோய் அவ்விடத்தில் திரும்ப வந்தது. அன்று முதல் விளிம்பில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா என்று அளப்பது எங்கள் கடமையாயிற்று.

இதுவரை கூறியது தொலைவையும் ஆழத்தையும் பற்றியது. இனி, அத்திசுவில் வாழ்பவர்களைப் பற்றிக் கூறுகிறேன்.

புற்றுக்கட்டி என்பது புற்றணுக்களின் கூட்டம் மட்டுமன்று. அதற்குள்ளும் அதன் ஓரத்திலும் நார்த்திசு உயிரணுக்கள், இரத்தக் குழாய்கள், நோயெதிர்ப்பு உயிரணுக்கள் எனப் பலவும் குடியிருக்கின்றன. இவற்றுள் சில காவலர்கள். சில, தீயவனுக்கு இடங்கொடுத்துவிட்ட அண்டைவீட்டார்.

காவலர்களை முதலில் பார்ப்போம். வெள்ளையணுக்களில் டி உயிரணு என்று ஒரு வகை உண்டு. மாறுபட்ட உயிரணுவை அடையாளங்கண்டு கொல்லும் ஆற்றல் அதற்கு உண்டு. 2006ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் ஜெரோம் கலோனும் அவர்தம் குழுவினரும், குடற்கட்டியின் நடுவிலும் படையெடுக்கும் ஓரத்திலும் இக்காவலர்கள் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார்கள். அவர்கள் அடர்ந்து நின்றவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாக இருந்தது. 2018ஆம் ஆண்டில் 13 நாடுகளின் 14 மையங்களைச் சேர்ந்த 2681 நோயாளிகளின் திசுக்களைக் கொண்டு இது மீண்டும் சோதிக்கப்பட்டது. அவ்வாய்வின் முதற்குழுவில், காவலர் மிகுந்திருந்தவர்களில் ஐந்தாண்டுகளுக்குள் நோய் திரும்பியவர்கள் 100க்கு 8 பேர். காவலர் குறைந்திருந்தவர்களில் 32 பேர். அனைவரும் பெருங்குடற்புற்று தொலைவுக்குப் பரவாத நிலையில் இருந்தவர்களே.

இதனை நான் கண்ணாலும் கண்டிருக்கிறேன். ஒரே வாரத்தில் என் மேசைக்கு இரண்டு குடல்கள் வந்தன. ஒரே பருமன், ஒரே ஆழம். ஒன்றில் கட்டியின் ஓரம் முழுவதும் நீல நிறப் புள்ளிகளாகக் காவலர்கள் மதில் கட்டி நின்றார்கள். மற்றொன்றில் காவலர் அரிது. கெட்டியான நார்த்திசுவே நிறைந்திருந்தது. இரண்டு அறிக்கைகளிலும் நிலை என்ற இடத்தில் ஒரே எண்ணைத்தான் எழுதினேன். ஆயினும் இரண்டாவது மனிதரைக் குறித்தே என் மனம் கலங்கியது.

அந்த நார்த்திசுவின் கதையும் வெளிப்பட்டுவிட்டது. காயம் பட்ட இடத்தை ஆற்றுவதே நார்த்திசு உயிரணுக்களின் இயல்பான பணி. புற்றுக்கட்டியோ ஆறாத புண்ணைப் போல நடித்து அவற்றை வரவழைக்கிறது. வந்தவை புற்றணுக்களுக்கு வளர்ச்சிச் சுரப்புகளைத் தருகின்றன. காவலர்களை உள்ளே விடாமல் வேலியும் போடுகின்றன. 2015ஆம் ஆண்டில் பன்னாட்டு ஆய்வாளர்கள் குடற்புற்றினை மரபணுச் செயற்பாட்டின்படி நான்கு வகைகளாகப் பிரித்தார்கள். நார்த்திசு மிகுந்த நான்காம் வகையே மிகவும் கொடியது. அதே ஆண்டில் ஸ்பெயினின் பார்சிலோனாவிலும் இத்தாலியின் டூரின் பகுதியிலும் பணியாற்றிய இரு குழுவினர் வியப்பான உண்மையொன்றை வெளியிட்டனர். அவ்வகையின் கொடுமைக்கு அடையாளமாகக் கருதப்பட்ட மரபணுச் செய்திகளில் பெரும்பங்கு புற்றணுக்களிடமிருந்து வரவில்லை. சுற்றியிருந்த நார்த்திசு உயிரணுக்களிடமிருந்தே வந்தது. கள்வனின் குரல் என்று எண்ணியது அண்டைவீட்டாரின் குரலாக இருந்தது.

நிலம் இத்துணை வல்லமை உடையது எனில், அதனைத் திருத்தி நோயை வெல்லலாகாதா? ஓரளவுக்கு இயலும் என்பதே இன்றைய நற்செய்தி. குடற்புற்றுகளில் 100க்கு ஏறத்தாழ 15, மரபணுப் பிழைகளைத் திருத்தும் ஆற்றலை இழந்தவை. பிழைகள் பெருகுவதால் அவற்றைக் காவலர்கள் எளிதில் அடையாளம் காண்கிறார்கள். ஆனால் புற்று அவர்களுக்குத் தடைக்கட்டை போட்டுவிடுகிறது. அத்தடையை நீக்கும் மருந்துகள் வந்துள்ளன. 2022ஆம் ஆண்டில் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவர்கள் வெளியிட்ட முதல் அறிக்கையில், இவ்வகை மலக்குடற்புற்றுக்கு ஆறு மாத மருந்தை முடித்த 12 பேருக்கும் கட்டி முற்றிலும் மறைந்திருந்தது. அப்போது அவர்களுள் எவருக்கும் அறுவையோ கதிர்வீச்சோ தேவைப்படவில்லை. இது எல்லாக் குடற்புற்றுக்கும் பொருந்தாது. அவ்வகை நோயாளிக்கு மட்டுமே பொருந்தும். ஆகவேதான் அச்சோதனையைச் செய்து பார்ப்பது இன்றியமையாதது.

நம் கையிலும் ஒரு பங்கு உண்டு. 2025ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், பெருங்குடற்புற்றுக்கு அறுவையும் மருந்துச் சிகிச்சையும் முடித்த 889 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவினர் மூன்றாண்டுகள் பயிற்சியாளரின் மேற்பார்வையில் நடை முதலிய உடற்பயிற்சிகளைச் செய்தார்கள். மற்றவர்களுக்கு அறிவுரை ஏடுகள் மட்டும் தரப்பட்டன. ஐந்தாண்டு முடிவில் நோயின்றி வாழ்ந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 100க்கு 80 பேர். மற்றதில் 74 பேர். நடக்க நடக்க உடம்பாகிய நிலமும் மாறுகிறது போலும். சிகிச்சை முடிந்தவரை, "பேசாமல் படுத்திருங்கள்" என்று அன்பின் மிகுதியால் கட்டிலில் கிடத்திவிடும் உறவினர்கள் இதனை நினைவிற் கொள்ள வேண்டும்.

பக்தப் பெருமக்களே, இவையனைத்தையும் கூறியதன் பயன் யாது? மலேசிய ஆண்களிடையே முதலிடத்திலும் பெண்களிடையே மார்புப் புற்றுக்கு அடுத்த இடத்திலும் இருப்பது குடற்புற்றுநோயே. நம் நாட்டு நோயாளிகளில் பெரும்பாலோர் மூன்றாம், நான்காம் நிலையில்தான் மருத்துவரிடம் வருகிறார்கள். அஃதாவது, சுற்றுத் திசுவைப் புற்று வென்ற பின்னரே வருகிறார்கள். விதை மொட்டாக இருக்கும்போதே கிள்ளிவிட்டால், நிலத்தைப் பற்றிய கவலையே எழாது.

50 வயது நிறைந்தவர்கள், ஒரு குறையும் இல்லையென்றாலும், அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குச் சென்று மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைக் கண்டறியும் சோதனையைக் கேளுங்கள். வீட்டிலேயே சிறிதளவு எடுத்துக் குப்பியில் இட்டுக் கொடுத்தால் போதும். இரத்தம் தென்பட்டால் புற்றுநோய் என்று பொருளில்லை. குடல்நோக்குப் பரிசோதனை செய்ய வேண்டும் என்றே பொருள். அதனைத் தள்ளிப்போடாதீர்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் வந்திருந்தால், 40 வயதிலேயே, அல்லது அவர்களுக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்தாண்டு முன்னரே மருத்துவரைக் கலந்துகொள்ளுங்கள். மலத்தோடு இரத்தம், மலங்கழிக்கும் வழக்கத்தில் நீடித்த மாற்றம், காரணமற்ற எடைக்குறைவு, இரத்தச்சோகை இவற்றுள் ஒன்று இருந்தாலும் எந்த வயதாயினும் காத்திருக்க வேண்டாம். மூலம் இருப்பவருக்கும் புற்றுநோய் வரலாம் என்பதை மறவாதீர்கள்.

வீட்டில் ஒருவருக்கு அறுவை நடந்துவிட்டதா? நோய்க்கூறியல் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். மருத்துவரிடம் ஐந்து வினாக்களைப் பணிவோடு கேளுங்கள். கட்டி எந்த அடுக்கு வரை சென்றுள்ளது? எத்தனை நிணநீர் முடிச்சுகள் பார்க்கப்பட்டன? குறைந்தது 12 பார்க்கப்படுவது நன்று. விளிம்புகளில் நோய் இல்லையா? இரத்தக் குழாயிலோ நரம்பிலோ புற்று புகுந்துள்ளதா? மரபணுப் பிழைதிருத்தும் ஆற்றலைப் பற்றிய சோதனை செய்யப்பட்டதா? இவ்வைந்தும் சுற்றுத் திசுவையும் சிகிச்சையின் போக்கையும் பற்றியவை. நல்ல மருத்துவர் எவரும் இவ்வினாக்களுக்கு முகம் சுளிக்க மாட்டார்.

என் மாமா சீவிய மரங்கள் இன்று இல்லை. அத்தோட்டமும் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. நோயுற்ற மரத்தைக் கண்டால் மறுநாளே கங்காணியிடம் தெரிவித்துவிடுவார் அவர். தம் உடம்பைப் பற்றி மட்டும் எவரிடமும் தெரிவிக்கவில்லை. அந்தப் பதினான்கு மாதங்களை என்னால் அவருக்குத் திருப்பித் தர இயலவில்லை. அதனை உங்களுள் ஒருவருக்கேனும் தர இயலுமாயின் என் கல்வி பயனுற்றதாகக் கருதுவேன்.

இன்று இரவு வீடு திரும்பியதும், 50 வயதைக் கடந்த உங்கள் தந்தையிடமும் தாயிடமும், மாமாவிடமும் அத்தையிடமும் இதைப் பற்றிக் கேளுங்கள். "நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று விடை வந்தால், இன்னொரு முறை கேளுங்கள்.